பயோவில் எழுதிய ஒரு வரியால் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது உண்டா?

இளம்பிள்ளை சேலைக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். இன்ஸ்டாவில் மூன்று வருடமாகச் சேலை விற்கிறேன். சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சரக்கு பார்க்கப் பட்டு மாதிரி இருக்கும், பட்டு அல்ல என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பயோவில், அதாவது பக்கத்தின் மேலே வரும் அறிமுக வரியில், ‘காஞ்சிபுரம் பட்டு, 1,450 ரூபாய் முதல்’ என்று போட்டிருந்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், தேடுகிறவர்களும் அந்தப் பெயரைத்தானே தேடுகிறார்கள் என்ற நினைப்பு.

போன ஆடியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அம்மா மாம்பழ நிறத்தில் ஒன்று வாங்கினார். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் டிஎம்மில், அதான் தனிச் செய்தியில், ஒரு வீடியோ. பேச்சு எதுவும் இல்லை. சமையல் மேடை, எவர்சில்வர் தட்டு, முந்தானைக் குஞ்சத்திலிருந்து உருவிய இரண்டு இழை, ஒரு தீக்குச்சி. இழை சுருண்டு உருகிக் கடுகு அளவுக்குக் கறுப்பாக ஒரு மணி ஆனது. ஆறியதும் அதை நகத்தால் சுண்டுகிறார், தட்டில் ‘டிக்’ என்று விழுகிறது. பட்டாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் அடித்து, விரலில் தேய்த்தால் பொடியாகப் போயிருக்கும்.

பின்னாலேயே ஒரு குரல் பதிவு: ‘தம்பி, சேலை அழகாத்தான் இருக்கு, திருப்பி அனுப்பல. 1,450க்குப் பட்டு வராதுன்னு எனக்கும் தெரியும். நீங்க எழுதியிருந்தீங்களேன்னுதான் எரிச்சுப் பார்த்தேன்.’

ஜிபேயில் பணத்தைத் திருப்பிப் போட்டேன். அவர் மறுபடி எனக்கே போட்டுவிட்டார். அன்று இரவே ‘இளம்பிள்ளை சாஃப்ட் சில்க், அசல் பட்டு அல்ல’ என்று மாற்றிவிட்டேன். முதல் மாதம் விற்பனை விழுந்தது, அப்புறம் பாதி திரும்பியது. அது போகட்டும், அந்த ‘டிக்’ மட்டும் காதில் இருக்கிறது.

பொடி மருமகள்

என்னுடையது குடும்பக் கதை. ‘அம்மாவின் கைப்பக்குவத்தில் பொடி வகைகள்’ என்பதுதான் என் பயோ. வறுப்பது மாமியார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நாத்தனார் வளைகாப்பில் ஒரு சொந்தக்காரப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே அத்தையிடம், ‘உங்க மருமகளோட அம்மா நல்லா பொடி போடுவாங்களாமே’ என்றாள். அத்தை கையில் வளையல் தட்டு. அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, கரண்டியை என் கையில் திணித்து, ‘உங்கம்மாவை வரச்சொல்லு, துவரம்பருப்பு வறுக்கணும்’ என்றார். எட்டு நாள் இதே பாட்டு. அந்த எட்டு நாளும் நான் வறுத்த பொடியில் இரண்டு பார்சல் திரும்பி வந்தது தனிக் கதை.

இப்போது பயோ: ‘அத்தை வறுப்பார், நான் அரைப்பேன்.’ இதைப் படித்துவிட்டு, ‘அத்தை நல்லாருக்காங்களா’ என்று கேட்டபிறகுதான் அரை கிலோ சொல்கிறார்கள்.

காஞ்சித் தறிவீடு

சேலைக்கார அண்ணா, மாற்றிவிட்டீர்கள், சரி. ஆனால் ‘எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்’ என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறீர்கள்! காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்குத்தான் அந்தப் பெயர் என்ற உரிமை, வாங்கியாயிற்று. தேடலில் மேலே வருவதற்காக யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாமா?

கல்யாணச் சேலை பார்க்க ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, இரண்டையும் தனித்தனி நிறத்தில் நெய்து தறியிலேயே இணைக்கும் கோர்வை. அப்பா தறியில், பக்கத்தில் நாடா, அதாவது ஊடை நூல் ஓட்டும் கட்டை, தள்ள நான். கோர்வைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? விலையைச் சொன்னதும் பெண்ணின் சித்தப்பா போனை எடுத்து ஒரு பயோவை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘இங்க 1,450ன்னு போட்டிருக்கான், இதுவும் காஞ்சிபுரம்தானே?’

அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. தேடி எடுத்து மாட்டி நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சேலையை மடிக்க ஆரம்பித்தார், பழைய மடிப்பு ஒன்றுகூட மாறாமல். அவர்கள் செருப்புப் போடும்வரை தலை நிமிரவில்லை.

அது உங்கள் பயோவா, வேறு யாருடையதா என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் இப்போது முதல் வரியே ‘சில்க் மார்க் சீட்டுடன்’ என்பதுதான். அசல் பட்டுதான் என்று காட்ட மத்தியப் பட்டு வாரியம் வழியாக 2004இல் வந்த முத்திரை அது. அதையும் படித்துவிட்டு, ‘ஃபர்ஸ்ட் காப்பி இருக்கா’ என்று போலியைக் கேட்கத்தான் செய்கிறார்கள்.

கோவை டிஜிட்டல் அண்ணன்

எல்லோரும் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள். என் அனுபவம் இதோ: ஒரு மெஹந்திக் கலைஞருக்கு ‘உங்கள் கனவுகளுக்கு வண்ணம் சேர்ப்போம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘ரெண்டு ரூம், ஒரு ஹால், பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?’ என்று அவருக்குப் போன் வந்தது. கதை அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்டா பயோவுக்கு 150 எழுத்து. தமிழில் எழுதினால் இதிலேயே ஏமாந்துபோவீர்கள். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் விழும். மேலே ஒருவர் ‘கைப்பக்குவம்’ என்று எழுதியிருந்தாரே, நமக்கு அது ஏழு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு. அதனால் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்’ எல்லாவற்றையும் இன்றைக்கே தூக்குங்கள். தரம் கெட்டதை விற்கிறேன் என்று எவனும் எழுதப்போவதில்லை, பிறகு அந்த வரி எதற்கு?

அடுத்து, பயோவுக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதே, அதை யாரும் கவனிப்பதே இல்லை. தேடலில் அதுவும் அகப்படும். அங்கே மகள் பெயரையும் மகன் பெயரையும் ஒட்டவைத்துக் கடைப்பெயர் போட்டால் உங்கள் சொந்தக்காரர்கள் தவிர எவரும் தேடமாட்டார்கள். தொழிலையும் ஊரையும் போடுங்கள், அதுவும் ஆங்கில எழுத்தில். மதுரைக்காரரும் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். ஆனால் யோசித்து மாற்றுங்கள், 14 நாளில் இரண்டு தடவைதான் மாற்றவிடுவார்கள். 2023 முதல் ஐந்து லிங்க் வைக்கலாம், அதற்காக ஐந்தும் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் உள்ள அறிமுக வரியையும் ‘பிஸி’ என்றே விட்டுவைத்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் பயோவைத் தெருமுனை ஆட்டோக்காரரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எப்படி வாங்குவது, மூன்றையும் அவர் சொன்னால் தேறிவிட்டீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

வாங்க மட்டும் வந்தவள்

அண்ணா, கேட்டது அனுபவம்.

நான் கடைக்காரி இல்லை, வாங்குகிறவள். ‘விலைக்கு டிஎம் செய்யவும்’ என்று பயோவில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் உண்டு. நானும் நாத்தனாரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே கடையில், ஒரே சுடுமண் நகைச் செட்டுக்கு விலை கேட்டோம். எனக்கு 850. அவளுக்கு 1,100. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், இரண்டிலும் கடைசியில் ‘உங்களுக்காக மட்டும் சிறப்பு விலை’ என்று இருக்கிறது. என் முகப்புப் படத்தில் நான் கோயில் படிக்கட்டில் நிற்கிறேன். அவள் படத்தில் பின்னால் கார். அது அவள் கார்கூட இல்லை!

வாங்கவில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மதுரை ஆரி அக்கா

தங்கச்சி, எல்லோரையும் ஒரே தராசில் போடாதே. நகைச் செட் ஒரே அச்சு, விலை போட்டுவிடலாம். கொக்கி ஊசியால் துணியில் பூ வேலை செய்கிற ஆரிக்கு எப்படிப் போடுவது? கழுத்து மட்டுமா, கை முழுக்கவா, ஜர்தோசியா, கல்லா, மணியா என்று தெரியாமல் என்ன எழுத?

நானும் ஒரு தடவை நல்லவளாக இருந்து பார்த்தேன். ‘ஆரி பிளவுஸ் 1,500 முதல்’ என்று போட்டேன். மறுவாரம் ஒரு பெண் முதுகு முழுக்கத் தோகை விரித்த மயில் படத்தோடு வந்து நின்றாள். பேரம் பேசவில்லை. பதினைந்து நூறு ரூபாய் நோட்டை மேசையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். மயிலுக்கு மட்டும் நாலு நாள் ஆகும் என்றேன். போனைத் திருப்பிக் காட்டி, ‘இதுல அப்படிப் போடலையேக்கா’ என்றாள். ‘முதல்’ என்ற சொல்லை அவள் விரலாலேயே மறைத்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றா தற்செயலா என்று இன்றுவரை தெரியாது. செய்து கொடுத்தேன். மயிலின் கண்ணுக்குப் பச்சைக் கல் வைக்காமல் ஒரு முடிச்சோடு விட்டேன், என் கோபம் அவ்வளவுதான்.

நெல்லை கேக்

‘24 மணி நேரமும் ஆர்டர் எடுக்கப்படும்.’ இதை எழுதியது நான்தான், சாட்சிக்கு வீட்டுக்காரர் இருக்கிறார்.

ராத்திரி 2.10. நியூஜெர்சியிலிருந்து ஒரு பையன். அங்கே சாயங்காலம் போல. ‘அக்கா, அப்பாவுக்கு இன்னைக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூருக்கு 6 மணிக்கு வேன் கிளம்புது, அதுக்குள்ள முட்டை போடாத கேக் வேணும்.’ முடியாது என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன். அவன், ‘உங்க பயோல பார்த்தேன்க்கா, அந்த ஒரு வரியால்தான் கூப்பிட தைரியம் வந்துச்சு’ என்றான்.

2.30க்கு மாவு அடிக்கும் பீட்டர் மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் கீழ்வீட்டு ஓனரம்மா கதவைத் தட்டினார். திறந்தால் கையில் விளக்குமாறு, திருடன் என்று நினைத்து வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, நின்றபடியே தயிரைக் கடைந்து கொடுத்தார். கேக் நடுவில் கொஞ்சம் அமுங்கித்தான் போயிருந்தது, க்ரீம் போட்டு நிரப்பினேன். 5.45க்கு வந்து வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பயோ: ‘காலை 9 முதல் இரவு 8 வரை. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லவும்.’ அதற்குப் பிறகு எவரும் நடுராத்திரியில் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

ஊறுகாய் ஓய்வூதியம்

பொடி மருமகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தை வறுப்பது இருக்கட்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் பயோவில் போட்டாயாம்மா? எஃப்எஸ்எஸ்ஏஐ எண், 14 இலக்கம். 150இல் அது 14ஐ விழுங்கும், ஆனாலும் போடு. தெரியாத வீட்டுச் சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? பாட்டில் லேபிளிலும் அதே எண் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார். எண்களைத் தமிழ் வார்த்தைகளுக்கு நடுவில் செருகாதே, தனி வரியில் வை. கட்டணம் கட்டும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடு.

ஏன் வட்டம் என்றால், நான் போடவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டிருந்த, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வேலை இல்லாத ஒரு மதியத்தில் என் எண்ணை அரசாங்கத் தளத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். போன் செய்தார். ‘சார், உங்க பதிவு போன மாசமே முடிஞ்சுபோச்சு.’ அவர் வீட்டு மேசையில் என் பாட்டில் திறந்தபடி இருக்கிறது என்று வேறு சொன்னார். அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம், அதில் போனது மானம்.

தையல் நாகர்கோவில்

சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதமாக ஒரு ஆர்டர் இல்லை. ஃபோட்டோ சரியில்லையோ, விலை கூடவோ என்று குழம்பி, பயோவை ஏழு தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் பக்கத்துத் தெருப் பெண் அளவுப் பிளவுஸோடு நேரே வந்தாள். ‘அக்கா, உங்க லிங்க்கைத் தொட்டா இந்த நம்பர் வாட்ஸ்அப்பில் இல்லைன்னு வருது, மூணு வாரமா முயற்சி பண்றேன்’ என்று போனைக் காட்டினாள்.

லிங்க்கில் நாட்டு எண் 91க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டல் குறி, பூஜ்யம் எதுவும் இல்லாமல் 91, அப்புறம் பத்து இலக்கம், அவ்வளவுதான் இருக்க வேண்டுமாம். அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களோ.

கோவை டிஜிட்டல் அண்ணன்

இதைத்தான் சொன்னேன். லிங்க்கை நீங்களே வேறு போனிலிருந்து தொட்டுப் பார்க்க வேண்டும். தனியாக எழுதட்டுமா?

மதுரை ஆரி அக்கா

தம்பி, எழுதவே வேண்டாம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். நீ சொன்னபடி மேலே இருக்கிற பெயரில் தொழிலும் ஊரும் போட்டேன். ‘ஆரி’ என்பது ‘ஆறி’ என்று விழுந்துவிட்டது. ஆங்கிலம் எனக்குச் சரிப்படாது என்று தமிழிலேயே போட்டேன், அதனால் வந்த வினை. உடனே திருத்தினேன். ஆரி சரியாகிவிட்டது, இப்போது ஊர் ‘மதுறை’ என்று நிற்கிறது. மறுபடி திருத்தப் போனால் விடமாட்டேன் என்கிறது. நிஜமாகவே 14 நாள் இப்படியே இருக்கணுமா?