பீடித்தட்டும் பிடியரிசி டப்பாவும்: உங்கள் ஊர் ஆச்சிகளைப் பற்றிச் சொல்லுங்கள்

பொட்டல்காட்டான்:
சுரண்டைப் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், விளக்கப் போவதில்லை. எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பதை நெருங்கியும் மடியிலிருந்து தட்டு இறங்கவில்லை. ராத்திரி நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிய இலையைக் காலையில் வெட்டுவார், சாயங்காலம் கடையில் கணக்குக் கொடுப்பார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனி டப்பாவுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு, சர்ச்சைத்தான் சொல்கிறேன். அசனம், அதாவது கோயிலில் எல்லாருக்கும் போடும் சாப்பாடு என்றால், முந்தின ராத்திரி அரிவாள்மணையோடு உட்காரும் கூட்டத்துக்கு அவர்தான் தலை. படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவதை ஊழியம் என்று சொல்லமாட்டார். "சும்மா எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்பார்.

ஒரு கன்வென்ஷனில் வெளியூர்ப் பிரசங்கியார் புகையிலையைப் பிடித்துக்கொண்டார். குடிக்கிறவன், விற்கிறவன், செய்கிறவன் எல்லாருக்கும் நரகம் என்று ஒரே சாத்து. பந்தலில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், பந்தல் போட்டதே அவர்கள் காசில். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆச்சி குனியவில்லை. காணிக்கைப்பை வந்ததும் முந்தி முடிச்சை அவிழ்த்து, வாரக்கூலியில் பத்தில் ஒன்றை எண்ணிப் போட்டார். பை பிடித்தது நான். விரல் நுனியெல்லாம் பழுப்பேறிய கை. "அவர் பேசினது வருத்தமா இல்லையா ஆச்சி?" என்று குனிந்து கேட்டேன். "அவர் வேலையை அவர் பாக்காரு. நீ பையை அடுத்த ஆளுட்ட கொண்டு போ" என்றார்.

ஆச்சியின் அடக்க ஆராதனையில் ஜெபவீராங்கனை என்றார்கள், தாராள மனசு என்றார்கள். பீடி என்ற சொல் மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேலப்பாளையத்துக்காரி:
இதில் என்ன கூச்சம்? எங்கள் உம்மம்மா பீடி சுற்றிக்கொண்டேதான் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். சம்பளம் வாங்கினதில்லை. கை பாட்டுக்குச் சுற்றும், பார்வை இலையில் இருக்கும், காது மட்டும் எங்களிடம். எழுத்தை மாற்றி ஓதினால் நிமிராமலே கத்தரியால் தட்டில் டக்கென்று ஒரு தட்டு. ஒருநாள் சீக்கிரம் முடித்து ஓடலாம் என்று நடுவில் ஒரு வரியை விழுங்கினேன். டக். "ஏளா, எனக்குக் காது போச்சுன்னு நினைச்சியா?" இப்போதும் வேகமாக ஓதும்போது அந்த டக் கேட்கிறது.

கருத்து கந்தசாமி:
பொட்டல்காட்டான், பிரசங்கியார் சொன்னதில் என்ன தப்பு? என் அப்பா பீடி குடித்தே நெஞ்சு போய்ச் செத்தவர். 2008-லேயே பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தாச்சு. ஆச்சி நல்லவர்தான், அதற்காகப் புகையிலை நல்லதாகிவிடுமா? பிழைக்க வேறு தொழிலே இல்லையா?

மேலப்பாளையத்துக்காரி:
இருந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி. வீட்டு வாசலைத் தாண்டாமல், கைப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு செய்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
என் மாமியாரும் பீடிதான். ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. இலையிலும் நூலிலும் ரேகை தேய்ந்துபோச்சு. வரிசையே பார்க்க, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார்.

சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் வயசான பீடித்தொழிலாளி இருந்தால் பி.எஃப். புத்தகத்தைத் தேடி எடுங்கள். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயசில் பென்ஷன் உண்டு. 2014-க்குப் பிறகு குறைந்தபட்சம் மாசம் ஆயிரம் ரூபாய். கொஞ்சம்தான், ஆனாலும் அவர்கள் காசு. உயிர்ச்சான்றை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாசமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ரேகை ஏறாவிட்டால் 'ஜீவன் பிரமான்' செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வையுங்கள். ஆதாரில் பெயரும் புத்தகத்தில் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் இடிக்கும். ரேஷனுக்கு நடக்க முடியாதவர்கள் வேறு ஆளை அனுப்ப எழுதிக் கொடுக்கலாம், கடையிலேயே கேளுங்கள்.

பொட்டல்காட்டான்:
கந்தசாமி, நரகத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டால் நானும் சும்மா இருந்திருப்பேன். பீடி முதலாளி கொடுத்த பணத்துக்கு எங்கள் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. அவரைப் பற்றி அன்று பேச்சே இல்லை.

குமாஸ்தா அண்ணாச்சி, நல்ல தகவல். ஆனால் ஆச்சிக்குப் புத்தகமே கிடையாது. சுற்றினது அவர், புத்தகத்தில் பேர் மருமகளுக்கு. எங்கள் தெருவில் பல வீட்டில் இப்படித்தான். இப்போது பென்ஷன் மருமகளுக்கு வருகிறது, பிடியரிசி டப்பாவையும் அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். பீடி சுற்றத் தெரியாது அவளுக்கு.