லாட்ச்சிங் கரண்ட்: தாழா, கொண்டியா?

உச்சிப்புளி, பயிற்றுநர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குத் தைரிஸ்டர் பற்றி எட்டுப் பக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களால் வேலை நின்றுபோயிருக்கிறது: லாட்ச்சிங் கரண்ட், ஹோல்டிங் கரண்ட்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். தைரிஸ்டர் ஒரு குறைக்கடத்தி சுவிட்ச். அதற்குள் பி, என், பி, என் என்று இரு வகைப் பொருள் மாறிமாறி நான்கு அடுக்குகள். இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் இருந்தாலும் ‘கேட்’ என்னும் மூன்றாவது முனைக்குச் சிறு மின்னோட்டம் கொடுக்கும்வரை அது கடத்தாது. கொடுத்ததும் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் போல இருக்கும் பகுதிகள் ஒன்றையொன்று தூண்டிவிட, முழுதாகக் கடத்தத் தொடங்கிவிடும். ஓடும் மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அப்புறம் கேட் வயரைப் பிடுங்கினாலும் நிற்காது. அந்த அளவுதான் லாட்ச்சிங் கரண்ட். பிறகு அதைவிடச் சிறிய இன்னோர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அணையும். அது ஹோல்டிங் கரண்ட். எங்கள் வகுப்பில் இருக்கும் பிடி151 என்னும் தைரிஸ்டருக்குத் தரவுத்தாளில் முதலாவது அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர், இரண்டாவது 20.

இரண்டுக்கும் பெரியவர்கள் தமிழ்ச் சொல் தந்து உதவ வேண்டும்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல் வள்ளுவரிடமே இருக்கிறது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்பது உங்களுக்குத் தெரியாததா? இன்னொரு குறளில் ‘நாணுத்தாழ் வீழ்த்த கதவு’ என்கிறார். தைரிஸ்டர் என்ற பெயரில் இருக்கும் ‘தைரா’ கிரேக்கத்தில் கதவைக் குறிக்கும் சொல். கதவு அவர்களுடையது, தாழ் நம்முடையது. கருவிக்குக் ‘கதவி’ என்றும், நீங்கள் கேட்டதற்குத் ‘தாழ் மின்னோட்டம்’ என்றும் வையுங்கள்.

கதவும் வேண்டாம் என்றால் மடை இருக்கிறது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்லும் இராமநாதபுரம் மாவட்டம் இது. வெள்ளம் வேகமெடுத்தபின் மடைப்பலகையை இறக்க முடியுமா? நீர் தணியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நீங்கள் விளக்கியதும் அதுதானே? மடைக்கடத்தி என்றால் கமுதிக்காரனுக்கும் புரியும், கடலாடிக்காரனுக்கும் புரியும்.

மன்னார், பொறியியல் விரிவுரையாளர்:

ஐயாவுக்கு வணக்கம். இங்கே இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சை ‘ஆளி’ என்கிறோம். லாஜிக் கேட் ‘தருக்கப் படலை’. வீட்டு வேலிக்குப் போடும் படலைதான் அது. தைரிஸ்டரின் கேட்டையும் படலை என்றால் இரு கரையிலும் ஒரே சொல்லாகிவிடும் அல்லவா?

உச்சிப்புளி:

ஐயா, உங்கள் ‘தாழ்’ என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. அன்றைக்கே கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பையன், “குறைந்த மின்னோட்டமா சார்?” என்று கேட்டான். அவன்மேல் குற்றமில்லை. மின்துறையில் உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் என்று படித்து வளர்ந்தவன். பெயர்ச்சொல்லான தாழுக்குப்பின் வல்லினம் வந்தால் ‘தாழ்க்கோல்’ என்று ஒற்று மிகுந்து காட்டிக்கொடுக்கும். வினைத்தொகையில் மிகாது. ஆனால் மின்னோட்டம் மகரத்தில் தொடங்குகிறதே, எந்தத் தாழ் என்று எழுத்து சொல்லாது.

மன்னார் ஐயாவின் படலையைப் பார்த்ததும் எங்கள் ஊர் ஆட்டுப்பட்டிப் படல் நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் மாணவர் வாங்கும் கருவியிலும் வரைபடத்திலும் ‘ஜி’ என்றுதான் இருக்கிறது. ஆகவே ‘கேட்’ அப்படியே இருக்கட்டும்.

ஒரு செய்தி சொல்ல மறந்துவிட்டேன். 12 வோல்ட் பேட்டரியும் 5 வாட் பல்பும் வைத்துச் செய்து காட்டினேன். கேட் வயரை எடுத்தபிறகும் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பாம்பன் பையன் ஒருவன், “சார், கொண்டி விழுந்துருச்சு!” என்றான். பல்புக்குப் பதிலாக 5 மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்கும் சிறு எல்இடியை மாட்டியபோது, வயரை எடுத்ததும் அணைந்துவிட்டது. “இப்ப விழல சார்” என்றான். வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. கொண்டி மின்னோட்டம் என்று வைக்கலாமா?

தொண்டி:

கொண்டி, கொள் என்னும் வேரிலிருந்து வந்தது. அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் சங்க நூல்களில் கொண்டி என்றால் கொள்ளை. பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள். ஊர்மேயும் மாட்டையும் கொண்டி மாடு என்கிறோம், அதை அடைக்கும் இடம் கொண்டித்தொழு. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை அறிவியலில் ஏற்றலாமா? இன்னொன்று: கொண்டி போட்டால் கதவு அடைபடும். இங்கே மின்சாரம் ஓடுகிறதே.

சாயல்குடி, சூரிய மின்நிலையப் பராமரிப்பாளர்:

ஐயா, மின்சாரத்தில் சுற்று மூடினால்தான் ஓடும், திறந்தால் நிற்கும். மூடிய சுவிட்சுக்குக் கொண்டி போட்டதாக நினைத்தால் சரியாக வரும். மடைதான் இங்கே தலைகீழாகப் போகும், அதைத் திறந்தால் அல்லவா ஓடுகிறது!

அண்ணே, கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்த மாவட்டம் இது. உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இன்வெர்ட்டர் முன்னால்தான் நிற்பார்கள். இப்போதைய இன்வெர்ட்டரில் இருப்பது தைரிஸ்டர் இல்லை, ஐஜிபிடி என்னும் வேறு வகைக் குறைக்கடத்தி சுவிட்ச். கேட்டில் மின்னழுத்தம் இருக்கும்வரை கடத்தும், எடுத்தால் நிறுத்திக்கொள்ளும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படித் திறந்து மூடித்தான் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரம் ஆக்குகிறோம். ஆனால் அதற்குள்ளும் அதே நான்கு அடுக்கு ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் எல்லை மீறினால் உள்ளே இருக்கும் அந்தத் தைரிஸ்டர் விழித்துக்கொள்ளும், கேட் சொல்வதைக் கேட்காது, கருவி வெந்துபோகும். லாட்ச்-அப் என்கிறோம். சென்னையில் பிறந்த ஜயந்த் பாலிகா 1980களில் ஐஜிபிடியை உருவாக்கியபோது அடக்க வேண்டியிருந்த பெரிய தொல்லை இதுதான்.

தைரிஸ்டரில் வேண்டியது ஐஜிபிடியில் வேண்டாதது. ஒரே வேரில் இரண்டையும் சொல்ல வேண்டும். அங்கே கொண்டி விழுதல், இங்கே கொண்டி சிக்குதல். கொண்டிக்கு என் ஓட்டு.

மன்னார்:

கொண்டி எங்களுக்கும் விளங்கும். அப்படியானால் ஹோல்டிங் கரண்ட் ‘தாங்கு மின்னோட்டம்’ ஆகலாமே.

சாயல்குடி:

அது மட்டும் வேண்டாம் ஐயா. ‘இந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்’ என்றுதான் நாங்கள் தினமும் பேசுகிறோம். 20 மில்லி ஆம்பியர் தாங்கு மின்னோட்டம் என்று படித்தால், அதற்குமேல் போனால் கருகிவிடும் என்று பையன் நினைப்பான். பிடி151 ஏழரை ஆம்பியர் சராசரி தாங்கும்.

உச்சிப்புளி:

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. ‘நிறுத்து மின்னோட்டம்’ என்று எழுதியிருந்தேன். பிடித்து நிறுத்துவது என்ற பொருளில் எழுதினேன், ஆனால் மின்சாரத்தை நிறுத்துவது என்றே படிப்பார்கள். அதையும் அடித்துவிட்டேன். ‘தக்கவை மின்னோட்டம்’ தவறில்லை, வாயில் வர மறுக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இந்த அளவைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது, தைரிஸ்டர் தானே அணைந்துகொள்கிறது. ஆகவே இந்தப் பதிப்பில் ஒரு பத்திதான் வரும். ‘ஹோல்டிங் மின்னோட்டம்’ என்று விட்டுவிடுகிறேன்.

கொண்டி மின்னோட்டம், கொண்டி விழுதல், கொண்டி சிக்குதல் மூன்றும் அச்சுக்குப் போகின்றன. பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் லாட்ச்சிங் என்றும் இருக்கும். நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

தொண்டி:

போகட்டும் தம்பி. என் கருத்து மாறவில்லை. ‘தாழிடு மின்னோட்டம்’ என்றால் வினை தெளிவாகிவிடும், குறைந்தது என்று யாரும் மயங்க மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லாதது என் பிழை. அடிக்குறிப்பிலாவது ஒரு வரி சேர்க்க முடியுமா?

உச்சிப்புளி:

சேர்த்துவிட்டேன் ஐயா. ஐந்தாம் பக்கம், கீழே.