டோக்கன் நம்பர் 43: உதவித்தொகைக்கு அலைஞ்சதுல உங்களுக்கு மறக்காதது எது?

ஒற்றியூர் அம்மா
பையனுக்கு 15 முடிஞ்சுது. சி.பி., அதாவது மூளை முடக்குவாதம், வீல்சேர். பேங்க்ல ஆதாரைப் புதுப்பிச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க, இல்லேன்னா மாசம் வர்ற 2000 நின்னுடுமோன்னு பயம். மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சென்டர்ல அந்தத் தம்பி கைரேகை மிஷினைத் தள்ளி வச்சுட்டு, "கையை விரிக்கச் சொல்லுங்கமா"ன்னாரு. பதினஞ்சு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்! அவரு ஒவ்வொரு விரலா இழுக்க இழுக்க, இவன் பயத்துல இன்னும் இறுக்கிட்டான். பின்னாடி வரிசையில ஒருத்தர், "சீக்கிரம் ஆகட்டும்மா, ஷிப்டுக்குப் போணும்"ன்னாரு. கடைசியில டோக்கனைக் கேட்டாங்க. பையில இல்ல, ஹேண்ட்பேக்ல இல்ல. டோக்கன் இல்லாம எழுத மாட்டோம், நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. ஒரு வாரமா அந்த இழுத்த விரலுங்கதான் கண்ணுல நிக்குது.

காசிமேடு ஐஸ்
என் தம்பி கதை. லாரி ஏறி கால் ஒடிஞ்சு, உள்ள கம்பி வச்சிருக்கு. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர், "கொஞ்சம் நடந்து காட்டுப்பா"ன்னாரு. ரூமுல ரெண்டு நர்ஸ் பொண்ணுங்க நின்னாங்களா, இவன் வெட்கப்பட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நடந்துட்டான். ஊனம் 35 சதவீதம்னு போட்டு அனுப்பிட்டாங்க. 40 இருந்தாத்தான எல்லாமே? வெளிய வந்து சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். அன்னிக்கு அவன் போட்டிருந்தது பொங்கலுக்கு எடுத்த சட்டை. ஏன்டா அதைப் போட்டுக்கினு வந்தேன்னு இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

வியாசர்பாடி 77
காசிமேடு அண்ணே, நேரா நடந்ததாலதான் 35 போட்டாங்கன்னு சொல்லாதீங்க. மூட்டு எவ்ளோ மடங்குது, தசையில எவ்ளோ பலம்னு அளந்துதான் கணக்குப் போடுவாங்க. ஒப்புக்கலேன்னா மேல்முறையீடு பண்ணலாம், 2016 சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. சட்டையைக் குறை சொல்லி என்ன புண்ணியம்?

ஒற்றியூர் அக்கா, உங்களுக்கு. கைரேகை வரலேன்னா ஆதார்ல பயோமெட்ரிக் விலக்குன்னு ஒண்ணு இருக்கு. கருவிழி எடுப்பாங்க, அதுவும் வரலேன்னா விலக்குன்னு குறிச்சு போட்டோ எடுத்துப் பதிவு பண்ணுவாங்க. அதைத் தெரியாத ஆளுங்கதான் பிள்ளை விரலை இழுக்கறது. வேற சென்டருக்குப் போய் அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. அப்புறம், 2000 வர்றது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையோட பராமரிப்பு உதவித்தொகை. தாசில்தார் ஆபீஸ்ல 1500 தர்றாங்களே, அது வருவாய்த்துறை ஓய்வூதியம். ரெண்டும் ஒரே ஆளுக்குக் கிடைக்காது. புரோக்கர் ரெண்டும் வாங்கித் தரேன்னு வருவான், நம்பாதீங்க. இன்னொண்ணு, 3 வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். 18 ஆயிட்டா சட்டப்படி நீங்க காப்பாளர் கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல சி.பி., ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைபாடு இதுக்கெல்லாம் காப்பாளர் நியமனம் உண்டு, கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி முடிவு பண்ணும். அதுக்கு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போறப்போ எல்லாத்துலயும் 2 ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க.

என் அனுபவம்னா, அக்கா பொண்ணுக்காக அலைஞ்சேன். கிடைச்சுது.

ராயபுரம் கமலி
77 சார், நீங்க எழுதினதுல அனுபவம் கடைசி ஒரு வரிதான். தம்பி வெட்கப்பட்டதைத்தான் அந்த அண்ணன் எழுதியிருக்காரு, பெர்சென்டேஜ் கணக்கை உங்ககிட்ட யாரு கேட்டா?

என்னோடது மகளிர் உரிமைத் தொகை. 2023ல பாரத்தை நிரப்பிக் குடுத்த பொண்ணு, "தொழில் என்னக்கா?"ன்னுச்சு. என் மக எழுந்து உக்கார ஆள் வேணும், சாப்பிட ஆள் வேணும், ராத்திரி 2 மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அது தலையை ஆட்டிட்டு "வேலை இல்லை"ன்னு எழுதிச்சு. பொம்பளைங்க சம்பளமில்லாம பார்க்கற வேலைக்கு மரியாதைன்னு சொல்லிக் குடுக்கற பணம் அது! அதுக்கான பாரத்துலயே வேலை இல்லையாம்.

அதோட விடல. "உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே கவர்மென்ட் காசு வருதுல்ல, அப்ப உங்களுக்கு வராது"ன்னு பாரத்தைக் குறுக்கால அடிச்சிடுச்சு. பராமரிப்பு உதவித்தொகை வாங்கற வீட்டுக்கு அந்தத் தடை கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சின்னப் பொண்ணு, திட்ட மனசு வரல. ஆனா அந்தப் பேனாக் கோடு இருக்கே...

வியாசர்பாடி 77
கமலி மேடம், மேல்முறையீடு போட்டிருக்கலாமே?

ராயபுரம் கமலி
போட்டேன். வருது. அதைப் பத்தி நான் எழுதல.

கொருக்குப்பேட்டை கேட்
சண்டை போடாதீங்கப்பா. என் தங்கச்சிக்கு வயசு 31, பேச்சு கிடையாது. உசிரோட இருக்காளான்னு பார்க்க ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு. அவ தூங்கிக்கிட்டு இருந்தா. "தட்டி எழுப்புங்க, பார்த்துட்டுப் போறேன்"ன்னு செருப்பைக்கூட கழட்டாம வாசல்லயே நிக்கறாரு. எழுப்பினேன். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, எங்களுக்கெல்லாம் அப்படிச் சிரிக்கவே மாட்டா. மனுஷன் என்ன பண்றதுன்னு தெரியாம "வணக்கம்மா"ன்னு அவளைக் கும்பிட்டாரு. அப்புறம்தான் நோட்டுல டிக் போட்டாரு.

ஒற்றியூர் அம்மா
77 தம்பி, நீங்க சொன்ன மாதிரியே வேற சென்டர்ல கேட்டேன். ஒரு கண்ணு மட்டும் எடுத்துச்சு, இன்னொரு கண்ணு நிக்கல. மீதியை விலக்குன்னு போட்டுட்டாங்க. வேலை ஆச்சு, தேங்க்ஸ்.

முதல்ல எழுதறப்போ ஒண்ணை விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி அவன் நல்லா தூங்கினப்புறம், எப்பவும் போல விரலுங்க தானா தளர்ந்துச்சு. கையைத் துடைச்சு விடலாம்னு துணியை எடுத்துட்டுப் போனேன். உள்ளங்கையில கசங்கி, வேர்வையில ஊறிப்போய் ஒரு சீட்டு. 43.