பஸ்காவா, பாவநிவாரண பலியா? வாலிபர் கூட்டத்துக்கு உதவி தேவை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குருத்தோலை ஞாயிறு அன்று வாலிபர் கூட்டத்தில் கிறிஸ்துவின் பலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

வேதாகமத்தில் லேவியராகமம் 16-இல் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று பலியாகிறது, மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியரான ஆரோன் கைகளை வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புகிறார். வருஷந்தோறும் நடந்த இந்தப் பாவநிவாரண நாளைத்தான் எபிரெயர் 9, 10 அதிகாரங்கள் இயேசுவின் ஒரே பலியோடு ஒப்பிடுகின்றன. அது வரை சரி.

ஆனால் இயேசு சிலுவையில் அறையப்பட்டது பஸ்கா சமயத்தில், அதாவது இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகையின்போது. 1 கொரிந்தியர் 5:7-இல் பவுலும் அவரைப் பஸ்கா என்றே சொல்கிறார். எகிப்தில் வீட்டு வாசல்களில் பூசிய பஸ்கா ஆட்டின் இரத்தம் இஸ்ரவேலரின் தலைப்பிள்ளைகளைச் சாவிலிருந்து காத்தது. பாவத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லையே! அப்புறம் இரண்டும் எப்படிச் சேர்கின்றன? எங்கள் பையன்கள் கட்டாயம் கேட்பார்கள், விடமாட்டார்கள். இயேசுவை 'உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி' என்று சொல்லும் யோவான் 1:29-ஐ வைத்து விளக்கலாமா?

பாடம் எடுத்தவர்கள், இறையியல் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். 'நமக்காக மரித்தார்' என்ற ஒரு வரிப் பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.