கியர் போட்டதும் அடியில் ‘டங்’: கிராஸை மாற்றணுமா?

கேள்வி: 15 வருட டீசல் எஸ்யூவி. கிளட்ச் விடும்போது அடியில் ‘டங்’ என்று சத்தம், ரிவர்ஸில் இன்னும் பலமாக. கிரீஸ் அடித்தால் போதுமா?

பதில்: சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, புரொபெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) முறுக்கிப் பாருங்க. கிராஸுக்கும் (ஷாஃப்ட் மூட்டில் உள்ள கூட்டல் குறி வடிவத் துண்டு) யோக்குக்கும் (அதைப் பிடிக்கும் கவை) இடையே துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றணும். கிராஸின் நுனிகளை மூடும் கப் ஓரத்தில் செந்நிறத் தூள் தெரிந்தால், உள்ளே உள்ள ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) காய்ந்து அரைபட்டுவிட்டது. அதுக்கு மேல் கிரீஸ் வீண். பினியன் (அச்சில் ஷாஃப்ட் சேரும் சிறு பல்சக்கரம்) சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போச்சு.

பதில்: ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ரெண்டு ஃபிளாஞ்ச்சிலும் (போல்ட் போட்டுப் பூட்டும் தட்டு), ஸ்லிப் ஜாயிண்டிலும் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் சறுக்கு மூட்டு) பெயிண்டில் குறி வைங்க. இடம் மாறிப் பூட்டினால் அதிர்வு வரும். புது கிராஸின் கப்பை வைஸில் வைத்து அழுத்துங்க. சர்க்ளிப் (கப்பை நகராமல் பிடிக்கும் வளையம்) காடியில் உட்காரலைன்னா உள்ளே ஒரு ஊசி சாய்ந்திருக்கும். சுத்தியலால் சாதிக்கப் பார்க்காதீங்க, திரும்பக் கழற்றுங்க. முக்கியமா, ஷாஃப்ட் இல்லாதப்போ கியரில் நிறுத்தினாலும் வண்டி உருளும்.

கேட்டவர்: சிவப்புத் தூள் இருக்கு. புதுசுக்குக் கிரீஸ் எவ்வளவு?

பதில்: லித்தியம் ஈபி 2 வகை கிரீஸ். நாலு கப் சீலிலும் எட்டிப் பார்க்கும்வரை அடிங்க. ஸ்லிப் ஜாயிண்டுக்கு மட்டும் கை அடக்கம் வேணும்: அளவுக்கு மேல் அடித்தால் ஷாஃப்ட் உள்ளே நகர இடமில்லாமல் பாரம் கியர்பாக்ஸ் பேரிங்கில் ஏறும்.