மேரி ரீபி பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் இதழுக்காக மேரி ரீபி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் வட்டக் கண்ணாடியும் தொப்பியுமாக இருக்கும் பாட்டி அவர்தான்.

1777இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பையன் வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில், குதிரை திருட்டு வழக்கில் மாட்டினார். ஆஸ்திரேலியாவுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை. 1792 அக்டோபரில் 'ராயல் அட்மிரல்' கப்பலில் சிட்னி வந்து இறங்கிய கையோடு, எப்படியாவது ஊர் திரும்பிவிடுவேன் என்று அத்தைக்குக் கடிதம் எழுதினார். பதினைந்து வயதுப் பெண் அது. படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது.

அப்புறம் திருமணம். 1811இல் கணவர் இறந்ததும் ஏழு பிள்ளைகளோடு கப்பல், கடை, கிடங்கு எல்லாவற்றையும் தானே நடத்தினார். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியதே அவருக்குச் சொந்தமான கட்டடத்தில்தான். இதெல்லாம் எளிதாகக் கிடைக்கிறது.

கிடைக்காதது சிட்னிக்கு வந்த முதல் இரண்டு வருடம். அங்கிருந்த படையின் தளபதி மேஜர் கிரோஸ் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்ற ஒரு வரிதான் உள்ளது. அப்படி வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண் கைதிகளுக்கு என்ன சாப்பாடு, என்ன துணி, எங்கே படுக்கை? நல்ல நூல் தெரிந்தால் சொல்லுங்கள். சிட்னியில் இருப்பவர்கள் யாராவது மாநில நூலகத்தில் அவர் அத்தைக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் பார்க்க என்ன நடைமுறை என்று விசாரித்துச் சொன்னால் பெரிய உதவி.