புதுப்பிப்பு: அந்தக் கூட்டப் படம் 1948 அல்ல

அப்பப்பாவின் ஆல்பத்தில் இருந்த திருகோணமலைக் கூட்டப் படத்தை 1948 சுதந்திர நாள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தவறு என்னுடையதுதான். ஒட்டியிருந்த கறுப்புத் தாளைப் பக்குவமாக உரித்தால், பின்புறம் பென்சிலில் ‘15.8.45’. ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த நாள்! கைகளில் இருப்பவை சிங்கக்கொடிகளும் அல்ல, பிரித்தானியக் கொடிகள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்த பிறகே தெரிந்தது.

ஐரோப்பாவில் மே 8 அன்றே போர் முடிந்துவிட்டது. ஆனால் இந்த ஊர் அஞ்சியது ஜப்பானுக்கு. 1942 ஏப்ரல் 9 அன்று துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டவர்கள் அவர்களல்லவா?

படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் மீன்காரி மட்டும் தலைக்கூடையை இறக்கவே இல்லை. அது தன்னுடைய ஆச்சி என்று பெரிய மாமி சாதிக்கிறார். நான் இன்னும் நம்பவில்லை.